முதல் பீஸில் இல்லாத தீவு

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எந்த பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிற எந்த வெளிநாட்டுக்காரருக்கு, எந்தக் கம்பெனியில் துணி ஓடுகிறது என்று வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த அன்றே காதில் போட்டு அனுப்புகிற பாடம். சமையல்காரிக்கும் அதே பாடம்தான். வாயைக் கட்டிக் கட்டிப் பழகிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் அந்தப் பெயர் பக்கத்தில் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிற ஒரு சின்ன நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாநல்லூர் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பிரிண்டிங் யூனிட். டி-சர்ட் தைப்பதற்கு முன்பே, வெட்டிய துணியில் படம் அச்சடித்துக் கொடுப்பது அங்கே வேலை. என் வீட்டுக்காரர் அங்கே ஸ்க்ரீன் பார்க்கிறவர். நான் அங்கேயே மெஸ்ஸில் சமைக்கிறவள். கல்யாணமான கையோடு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் வந்தோம். அவர் கை மையும் மருந்துமாக இருக்கும், என் கை புளியும் வெங்காயமுமாக இருக்கும். இரண்டு வாசமும் எந்த சோப்புக்கும் போனதில்லை.

ஸ்க்ரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை. அதன் மேல் மருந்து பூசி, ஃபிலிமில் இருக்கிற படத்தை அதில் பதித்து, தண்ணீரில் கழுவினால் படம் இருக்கிற இடம் மட்டும் திறந்துகொள்ளும். அந்த வழியாகத்தான் மை துணியில் இறங்கும். ஆனால் தூசி இருந்த இடத்திலும் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்துவிடும். பின்ஹோல் என்பார்கள். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு துணியிலும் வேண்டாத இடத்தில் ஒரு புள்ளி விழுந்துகொண்டே இருக்கும். ஸ்க்ரீனை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, அந்த ஓட்டைகளைத் தேடிப் பிடித்து, சின்ன பிரஷ்ஷால் மருந்து தொட்டு அடைப்பது என் வீட்டுக்காரரின் வேலை.

அந்த வேலையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. "நான் பாத்த ஸ்க்ரீன்ல ஒரு ஓட்டை காட்டிருங்க பாப்போம்" என்பார். நான் விடுவேனா? வீட்டுக் குளியலறைத் தகரத்தில் மழை ஒழுகுகிற ஓட்டையைக் காட்டுவேன். அதை மட்டும் அடைக்க மாட்டார். கம்பெனி ஓட்டைதான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் முதலாளி இந்த ஊர்க்காரர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆர்டராக இருந்தாலும் முதலில் அச்சாகிற பீஸ் சாமிக்கு. மேஜையில் ஈரம் காய்ந்ததும் அதை மடித்து, ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் தொட்டு, ஆபீஸ் அறையில் சாமி படங்களுக்குக் கீழே இருக்கிற பலகையில் வைத்துவிடுவார். அந்தப் பீஸ் கணக்கில் சேராது, கப்பலேறாது. ஆயுத பூஜை அன்று பலகையில் சேர்ந்திருப்பதையெல்லாம் எடுத்து, தைக்கச் சொல்லி, வேலை செய்கிறவர்களுக்கே கொடுப்பார். அதனால் எங்கள் யூனிட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்கூட ஏதோ ஒரு வெளிநாட்டு மலையேறும் சங்கத்தின் பனியன் போட்டுக்கொண்டு திரிவார். நான் அடுப்படியில் போட்டுக்கொள்வது பனிச்சறுக்குப் பந்தயத்துக்காக அடித்தது. வேர்வையில் அது நனைந்து ஒட்டும்போது எனக்கே சிரிப்பு வரும்.

அந்தத் தீவு நாட்டு ஆர்டர் வந்தபோது முதலாளி மெஸ்ஸில் வந்து உட்கார்ந்து விளக்கம் சொன்னார். கம்பெனி எதுவும் இல்லையாம், அந்த நாட்டு அரசாங்கத்தின் சுற்றுலா வாரியமே கொடுக்கிற ஆர்டராம். ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறவர்களுக்கும், ஊர் ஊராகப் போய் ஆட்களை வரச்சொல்கிற கண்காட்சிகளிலும் கொடுப்பதற்காம். கரும் நீலத் துணி, முதுகில் வெள்ளை மையில் நாட்டின் வரைபடம், அதன் கீழே வாருங்கள் என்கிற மாதிரி ஒரு வரி.

"ஊரப் பாக்க வாங்கன்னு சட்டை அடிச்சுக் குடுத்துக் கூப்புடறாங்க பாருங்க. நம்மூருக்கு ஆரு வருவாங்க?" என்றார்.

"ஏன், பையருங்க வர்றாகள்ல" என்றேன்.

"அவீங்க ஊரப் பாக்கறதுக்காங்கம்மிணி வர்றாங்க? ஏர்போர்ட்ல எறங்கி, கார்ல ஏறி, கம்பெனியப் பாத்துட்டு, குத்தம் சொல்லிப்போட்டு, அப்பிடியே திரும்பீர்றாங்க."

அவர் ஆபீஸில் நம் நாட்டுச் சுற்றுலாவுக்கென்று அச்சடித்த காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு மாதத்துக்குப் பனிமலை, ஒரு மாதத்துக்குப் பாலைவனம், ஒரு மாதத்துக்குப் பெரிய கோபுரம். பன்னிரண்டு தாளையும் புரட்டிப் பார்த்திருக்கிறேன். சாயப்பட்டறை கிடையாது, பனியன் கம்பெனி கிடையாது. உலகத்தில் சுற்றிப்பார்க்கப் போகிற பாதிப் பேர் முதுகில் எங்கள் ஊர்த் துணி இருக்கும். எங்கள் ஊருக்குச் சுற்றிப்பார்க்க ஒருவரும் வந்ததில்லை. அப்போது எனக்கு அது வருத்தமாகக்கூடப் படவில்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆர்டர் நல்லபடியாக ஓடியது. ஸ்க்ரீன்களை அவர்தான் பார்த்தார். முதல் பீஸ் மஞ்சள் குங்குமத்தோடு பலகைக்குப் போனது. சரக்கு தைத்து முடிந்து கப்பலேறியது. எல்லாரும் அடுத்த ஆர்டருக்குப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். சுற்றுலா வாரியத்தில் வேலை பார்க்கிறவள். சென்னையில் ஏதோ சுற்றுலாக் கண்காட்சிக்கு வந்தவள், தங்கள் சட்டை எங்கே அச்சாகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு ரயிலேறி வந்துவிட்டாளாம். எங்களுக்கும் பையர்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற மெர்ச்சண்டைசர் பெண், நம் ஊர்ப் பிள்ளை, கூட வந்தாள். வந்தவள் முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். நம்மைப் போலவே கறுப்பு. பையர் என்றால் விறைப்பாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

முதலாளிக்கு ஒரே பெருமை. ஆபீஸுக்குக் கூட்டிப்போய் அந்தப் பலகையைக் காட்டி, "உங்க முதல் பீஸு சாமிகிட்டத்தானுங்க இருக்குது" என்றார். மெர்ச்சண்டைசர் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். வந்தவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. குனிந்து அந்தத் துணியை இரண்டு கையாலும் எடுத்து விரித்தாள். நான் டீத் தட்டோடு வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரரையும் முதலாளி கூப்பிட்டு நிறுத்தியிருந்தார், இவர்தான் ஸ்க்ரீன் பார்த்தவர் என்று காட்டுவதற்காக.

அவள் வரைபடத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தாள். நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். பிறகு மெதுவாக ஏதோ கேட்டாள்.

மெர்ச்சண்டைசர் பெண்ணின் முகம் மாறியது. தன் போனில் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அண்ணா, இங்க ஒரு டாட் இருந்துச்சே" என்றாள் என் வீட்டுக்காரரைப் பார்த்து. "மத்த தீவெல்லாம் ஒண்ணா இருக்கும். இது மட்டும் தனியா, கீழ ஓரத்துல. ரொம்பச் சின்னது."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய வலது கை விரல்கள் பிரஷ் பிடிப்பதுபோல் தாமாகக் குவிந்துகொண்டன.

"பின்ஹோல்னு நெனச்சு அடச்சுட்டேன்" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சாம்பிள் அன்றைக்கு மை கலக்குகிற கலர் மாஸ்டரிடம் இருந்திருக்கிறது. ஸ்க்ரீனில் மற்ற தீவுகளை விட்டு எட்டத்தில், கடலுக்கு நடுவில், ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம். யார் பார்த்தாலும் தூசி விழுந்த ஓட்டை என்றுதான் சொல்வார்கள். செக்கிங்கிலும் யாருக்கும் கண்ணில் படவில்லை. இல்லாத புள்ளியை யார் தேடுவார்கள்? வேண்டாத புள்ளியைத் தேடித்தான் எங்களுக்குப் பழக்கம்.

"ஓ" என்றாள் அந்தப் பெண். பிறகு சிரிக்கப் பார்த்தாள். அது அவளுடைய ஊராம்.

முதலாளி ஆடிப்போய்விட்டார். சரக்கு முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதே. அவர் கையெடுத்துக் கும்பிட, அவள் பதறி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தான் புகார் எதுவும் செய்யப் போவதில்லை என்றாள். செய்தால், இந்த ஒரு புள்ளிக்காகவா என்று தன் ஆபீஸிலேயே சிரிப்பார்கள் என்றாள். அந்தப் புள்ளியை வரைபடத்தில் சேர்க்கவே மல்லுக்கட்ட வேண்டியிருந்ததாம். அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் என் வீட்டுக்காரர் பிழைத்திருப்பார்.

மத்தியானம் மெஸ்ஸிலேயே சாப்பிட்டாள். ஹோட்டலில் சொல்லியிருப்பதாக முதலாளி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்குச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் கருவாட்டுப் பொரியலும். கருவாட்டைப் பார்த்ததும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாத்திரம் செய்கிற அனுப்பர்பாளையத்தில் சொல்லிச் செய்து வாங்கிய என் பெரிய அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு போனில் ஒரு போட்டோ காட்டினாள். நீல ஜன்னல் வைத்த நாலு அறை வீடு. அதன் முன்னால் ஒரு வயதான அம்மா, கையில் கரண்டியோடு.

அவளுடைய அம்மா. அந்தத் தீவில் வந்து தங்குகிறவர்களுக்கு இடம் கொடுத்துச் சமைத்துப் போடுகிறவள். மெர்ச்சண்டைசர் பெண் சொல்லச் சொல்ல நானும் என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முன்பெல்லாம் அங்கே வெளியாள் யாரும் வர மாட்டார்களாம். பிறகு சுற்றுலா வாரியத்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வீடும் கட்டித் தரவில்லை, படகும் வாங்கித் தரவில்லை. படுக்கை விரிப்பை எப்படித் துவைத்து மடிப்பது, வருகிறவர்களுக்கு எவ்வளவு காரம் போடுவது, பேச்சு தெரியாவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதை முடித்துவிட்டு உலகம் பூராவும் போய், இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று சொன்னார்கள். அதுதான் அவர்கள் வேலை என்றாள். இருக்கிறது என்று சொல்வது. சொன்னால் நாலு பேர் வருவார்கள். நாலு பேர் வந்தால் படகுக்காரன் தவறாமல் வருவான். படகு வந்தால் கடைக்குச் சாமான் வரும், டீச்சர் வருவார், நர்ஸ் வருவார். வருகிறவர்கள் நின்றுபோனால் இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். பக்கத்தில் இரண்டு தீவுகள் அப்படித்தான் ஆளில்லாமல் போய்விட்டனவாம்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஹோலிக்கும் தேர்தலுக்கும் யூனிட்டில் வேலை செய்கிற வடக்கத்திப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் என் அண்டா பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காய்கறிக்காரர் நாள் விட்டு நாள்தான் வருவார். பால்காரர் சலித்துக்கொள்வார். கேட் முன்னால் பூ விற்கிற அம்மாவும் வேறு கம்பெனி வாசலுக்குப் போய்விடுவாள். சாப்பிட ஆள் இருந்தால்தான் சமைக்கிறவளுக்குச் சோறு. அது எந்தக் கடலுக்கு நடுவில் இருந்தாலும் ஒன்றுதான்.

"சட்டையப் பாத்துட்டா ஆளு வருவாக?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். சட்டையைப் பார்த்து, இது என்ன இந்த ஓரத்தில் என்று கேட்கிறவர்கள் உண்டு என்றாள். கேட்டவர்களில் சிலர் போயும் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும். அடுத்த வருஷம் மறக்காமல் வையுங்கள், அவ்வளவுதான் என்று சொல்லி அவர் கையைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

அன்று முதல் என் வீட்டுக்காரருக்கு அந்த நாலு அறை வீடுதான் நினைப்பு. சாப்பிடும்போது, "இந்நேரம் அங்க எத்தன பேரு வந்திருப்பாக?" என்பார்.

"எனக்கு எப்டித் தெரியும்? நானா சோறு போடுதேன்?" என்பேன்.

"ஒரு வருசம் பூரா அந்த ஊரு கெடையாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்ளா. ஒரு சட்டையா ரெண்டு சட்டையா?"

முதலில் கேலி செய்தேன். பிறகு சண்டை போட்டேன். நாட்டில் எத்தனை பாலம் இடிகிறது, கட்டினவன் நிம்மதியாகத் தூங்குகிறான், நீங்கள் ஒரு புள்ளிக்கு இப்படிச் சாகிறீர்களே என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. அதைவிட மோசம், அவருக்குக் கை ஓடாமல் போய்விட்டது. டியூப்லைட்டுக்கு நேரே ஸ்க்ரீனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு ஓட்டை தெரியும். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போவார். வைக்க மாட்டார். சாம்பிளைப் பார்ப்பார், ஃபிலிமைப் பார்ப்பார், மறுபடி சாம்பிளைப் பார்ப்பார். பூப்போட்ட குழந்தைத் துணியாக இருந்தாலும் அதே கதைதான். "பூவுல ஏதுங்க ஊரு? சீக்கிரம் அடச்சு உடுங்க" என்று முதலாளி ஒருநாள் சொல்லியேவிட்டார். அவர் நல்ல மனுஷர், வேறு யாராக இருந்தாலும் அடுத்த நாளே கணக்கு முடித்திருப்பார்கள். கடைசியில் ஓட்டை அடைக்கிற வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவரை ஸ்க்ரீன் கழுவுகிற இடத்துக்கு மாற்றினார். நாள் பூராவும் ஈரத்தில் நிற்கிற வேலை. கை காலெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது எனக்கு அந்தத் தீவின் மேலேயே ஆத்திரம் வரும்.

ஆனால் அடுத்த வருஷம் அந்த ஆர்டர் வந்தபோது அந்த ஸ்க்ரீனை மட்டும் தானே பார்ப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். புள்ளி இருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அந்தப் பெண்தான் ஆபீஸில் பேசிப் பெரிதாக்கியிருக்கிறாள் என்று மெர்ச்சண்டைசர் பெண் சொன்னாள். அன்றைக்கு அவர் மெஸ்ஸுக்கு வந்து, பாயசம் வை என்றார். பொங்கலுக்குக்கூட வாய் திறந்து கேட்காத மனுஷர். முதல் பீஸை மடிக்கும்போது அந்தப் புள்ளி மேலாகத் தெரிகிற மாதிரி மடித்துப் பலகையில் வைத்தார்.

அதற்கடுத்த வருஷமும் புள்ளி வந்தது. அந்தத் தீவில் இருக்கிற அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் கேட்கச் சொன்னார். இருக்கிறார்கள், ஆள் வருவது கொஞ்சம் குறைவு, புயலில் படகுத்துறை உடைந்துவிட்டது, கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. "குறைவு" என்ற சொல்லை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். படகுத்துறையை விட்டுவிட்டார்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்து ஆர்டர் வந்தது. புது டிசைன். அதே நீலம், அதே வெள்ளை. நான் காலை டீ கொண்டுபோனபோது அவர் ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பிடித்தார். என்னைப் பார்த்ததும், "ஏளா, எனக்குக் கண்ணு மங்கிருச்சு. நீ பாரு" என்றார்.

பார்த்தேன். கீழ் மூலையில் ஒன்றுமில்லை.

டீயைக்கூடக் குடிக்காமல் ஆபீஸுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். "மொதலாளி, ஃபிலிம்ல ஒரு ஊரு விட்டுப்போச்சு. திருப்பி அனுப்பணும்" என்றார். முதலாளி மறுபேச்சு பேசாமல் மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை, "அது கரெக்ட்தான்ணா. அவங்களே எடுத்துட்டாங்க" என்றாள்.

"ஏங் கண்ணு?" என்றார் முதலாளி.

"படகு நின்னுருச்சாம் சார். படகுத்துறை கட்டவே இல்ல. இருந்த குடும்பமெல்லாம் பெரிய தீவுக்கு வந்துட்டாங்களாம். போக வழியில்லாத எடத்துக்கு வாங்கன்னு கூப்பிடக் கூடாதுல்ல, அதான் மேப்ல இருந்து எடுத்துட்டாங்க. அந்த மேடம் அவங்க அம்மாவயும் தன்கூடக் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். ஃபிளாட்ல இருக்காங்களாம்." நிறுத்திவிட்டு, "அண்ணாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நான் சொல்லல" என்றாள்.

முதலாளி போனை வைத்துவிட்டு, "புயல்ங்க. படகுங்க. உங்களால ஒண்ணுமில்லீங்க" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். சட்டை எங்கே, புயல் எங்கே. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நாங்கள் சொல்வது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒரு வருஷம் பூராவும் அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை என்பதும் சரிதானே. அந்த ஒரு வருஷத்தில் நாலு பேர் கூடுதலாகப் போயிருந்தால் படகுக்காரன் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பானோ என்று எனக்கே சில நாள் தோன்றும். அவரிடம் அதைச் சொன்னதில்லை.

ஸ்க்ரீனை அவர்தான் போட்டார். கழுவி, காயவைத்து, மேஜைக்குக் கொண்டுவந்தார். நான் காய் நறுக்குவதை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றேன். அவரைத் தனியாக விட மனமில்லை. முதல் துணியை மேஜையில் ஒட்டி, வெள்ளை மையை ஊற்றி, இழுத்தார்கள். ஸ்க்ரீனைத் தூக்கியதும் எனக்குத் திக்கென்றது. வரைபடத்துக்குக் கீழே, நீலத்துக்கு நடுவில், தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தத் தீவு இருந்த இடம் அது இல்லை. அதற்கும் தள்ளி, எந்த ஊரும் இல்லாத வெறும் கடலில் இருந்தது. தூசி விழுந்து உண்டான நிஜமான பின்ஹோல். அவர் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார். எங்களுக்கெல்லாம் முன்பே டியூப்லைட்டில் அதைப் பார்த்துவிட்டு, அடைக்காமல் கொண்டுவந்திருக்கிறார்.

"இதென்னங்க புள்ளி?" என்றார் முதலாளி.

"முதல் பீஸுங்க" என்றார் இவர். "சாமிக்குத்தான போவுது. இது ஒண்ணுல மட்டும் இருந்துட்டுப் போட்டுங்க."

முதலாளி அவரையே பார்த்தார். பிறகு, காய்கிற வரைக்கும் அங்கேயே நின்று, துணியை எடுத்து மடித்து, மஞ்சளும் குங்குமமும் தொட்டுத் தானே கொண்டுபோனார்.

என் வீட்டுக்காரர் ஸ்க்ரீனைத் துடைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. பிரஷ்ஷை மருந்தில் தொட்டார். எத்தனையோ மாதமாக ஓர் ஓட்டையையும் அடைக்க முடியாத கை. ஒரே தொடலில் அடைத்தார். அடைத்துவிட்டு, வெளிச்சம் வருகிறதா என்று மறுபடி பார்த்தார். வரவில்லை. "ஓட்டுங்க" என்று மேஜைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தால் வெங்காயம் கண்ணில் பட்டு இன்னும் கொட்டியது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு வந்து உட்கார்ந்தார். சோற்றைப் போட்டேன். பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. என் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா ஃபிளாட்ல யாருக்குளா சமைக்கும்?" என்றார்.

கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.